புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பின் தண்ணீரைக் குறைக்கலாமா? உண்மை விளக்கம்

"புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுங்கள், சிறுநீரில் ரத்தம் நின்றுவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

நீர் குறைந்தால் ரத்தம் நிற்காது. கட்டிகளாக உறைந்து, சிறுநீர் வெளியேறப் பொருத்தியிருக்கும் டியூபை அடைக்கும். அடிவயிறு உப்பி அவர் வலியில் துடித்துப்போவார். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் ஒழிய, நாளுக்கு 2 முதல் 2.5 லிட்டர் கொடுங்கள். பெரும்பகுதி மாலைக்குள் உள்ளே போகட்டும், இரவுத் தூக்கம் கெடாது.

டியூபின் முனையில் சிறுநீர் சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்க வேண்டும். சிறுநீர் இறங்கவில்லையா? டியூப் தொடைக்கடியில் மடங்கிக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். இழுத்துப் பார்க்காதீர்கள்.

சிறுநீர்ப் பாதை வழியாகச் செய்யும் டியூஆர்பி ஆபரேஷனில், சுமார் 10 முதல் 14 நாளில் உள்புண்ணின் பொருக்கு உதிரும்போது மறுபடி சிவப்பு தெரியலாம். முக்கி மலம் கழித்தாலும் அப்படித்தான். அதனால் கீரையும் கொய்யாவும் தினமும் இருக்கட்டும். வெளிர் ரோஸ் நிறம் தண்ணீர் குடித்தால் தெளிந்துவிடும். தக்காளிச் சாறு போல் கெட்டியாகவோ கட்டியோடோ வந்தால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், சிறுநீர் அறவே நின்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.