வாயால் "இல்லை" வேண்டாம், எழுதிக் கொடுங்கள்

"அந்த வருஷத்து ரெஜிஸ்டர்ல இல்லைம்மா." அவ்வளவுதான். எங்கே இருக்கும், யாரைக் கேட்க வேண்டும், எதுவும் சொல்வதில்லை. ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர் குனிந்துகொள்வார், வெளியே நிற்பவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பழைய இறப்புச் சான்று தேடிப் போன எல்லாரும் இந்தப் பதிலை வாங்கியிருப்பீர்கள். இந்த வாரம் வாங்கியவர் ஒரு பெண், ஐம்பதைத் தாண்டியவர். மாமனார் இறந்தது 1994-ல். மாமனார் பெயரிலேயே கிடக்கும் பட்டாவை மாற்றப் போனால் வாரிசு சான்று கேட்கிறார்கள், வாரிசு சான்றுக்குப் போனால் இறப்புச் சான்று கேட்கிறார்கள்.

முதலில் வி.ஏ.ஓ. "என்கிட்ட புது ரெஜிஸ்டர்தான் இருக்கு, தாலுகாவுக்குப் போங்க." தாலுகா ஆபீஸில், "தேதி என்ன?" அந்த அம்மா மஞ்சப்பையிலிருந்து கருமாதி பத்திரிகையை எடுத்து நீட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டியிருந்தது. "பவ வருஷம் ஆவணி மாதம்" என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. "தமிழ் தேதி வேண்டாம், இங்கிலீஷ் தேதி கொண்டு வாங்க." திருப்பி அனுப்பிவிட்டார்கள். பவ வருஷம் 1994 ஏப்ரலில் பிறந்தது. ஆவணி என்றால் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. கருமாதிக்குப் பதினைந்து பதினாறு நாள் பின்னால் எண்ணினால் இறந்த நாள் வந்து நிற்கும். தினமும் காலண்டர் கிழிக்கும் ஊரில் இதைக் கணக்குப் போட ஆள் இல்லையா?

வீட்டில் மாட்டியிருக்கும் படத்தின் கீழே தோற்றம், மறைவு என்று எழுதியிருந்ததைப் பார்த்துத் தேதியோடு திரும்பி வந்தார். புரட்டினார்கள். "இல்லை. சார்பதிவாளர் ஆபீஸ்ல பாருங்க, பழசெல்லாம் அங்க போயிருக்கும்." போனார். அங்கேயும் தேடுதல் மனு, கட்டணம், காத்திருப்பு, "இல்லை."

மூன்று இடத்திலும் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. "அவரு எங்கே இறந்தாரும்மா?"

அவர் இறந்தது கிராமத்தில் இல்லை, மாவட்டத் தலைநகர் ஜி.ஹெச்.சில். பிறப்பு, இறப்பு பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது. இறந்தவர் எந்த ஊர்க்காரர், ரேஷன் கார்டு எங்கே என்பதெல்லாம் பதிவுக்குக் கணக்கில்லை. உயிர் எங்கே போனதோ அந்த எல்லைக்குரிய பதிவாளரிடம்தான் பதிவு. ஆஸ்பத்திரி நகராட்சிக்குள் இருந்தால் நகராட்சி சுகாதாரப் பிரிவு, மாநகராட்சிக்குள் இருந்தால் மாநகராட்சி. ஆஸ்பத்திரியில் இறந்தால் தகவல் தரும் கடமையும் ஆஸ்பத்திரியுடையது, வீட்டில் இறந்தால் குடும்பத் தலைவருடையது. இந்தச் சங்கதி தெரியாமல் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரவே முடியாது. தெரிந்தும் சொல்வதில்லை. கிராம ரெஜிஸ்டரைப் புரட்டி "இல்லை" என்பார்கள். அதில் எப்படி இருக்கும்? தகன ரசீதில், டிஸ்சார்ஜ் தாளில், பிணவறைச் சீட்டில் "இறப்புப் பதிவு இந்த அலுவலகத்தில்" என்று ஒரு வரி அச்சடித்துக் கொடுத்தால் குடியா முழுகிவிடும்?

சரி, நகராட்சிக்குப் போனாலாவது கிடைக்கிறதா? அங்கே வேறு வினை. ரெஜிஸ்டர் இறந்த தேதி வரிசையில் இருக்காது, பதிவான வரிசையில் இருக்கும். மாதக் கடைசியில் இறந்தவர் அடுத்த மாதப் பக்கத்தில் இருப்பார். டிசம்பர் கடைசியில் இறந்தவர் அடுத்த வருஷ ரெஜிஸ்டரில் இருப்பார். ஜனவரி பிறந்தால் புது ரெஜிஸ்டர், புது வரிசை எண். தேடுதல் கட்டணமோ வருஷக் கணக்கு. ஒரு வருஷத்துக்குக் கட்டினால் அந்த ஒரு வருஷத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். அதனால் மனுவிலேயே "இந்த வருஷமும் அடுத்த வருஷமும்" என்று எழுதி இரண்டுக்கும் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

பெயர் இன்னொரு கொடுமை. ஊருக்கு முத்துக்கருப்பன், ஆஸ்பத்திரி அட்மிஷன் சீட்டில் முத்து, ரெஜிஸ்டரிலும் முத்து. இனிஷியல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சில இடத்தில் கிடையவே கிடையாது. தேடுகிறவர் "முத்துக்கருப்பன்" என்ற எழுத்தை மட்டும் தேடிவிட்டுக் கைவிரிப்பார். தகப்பனார் பெயர், வயது, விலாசம் என்று மற்ற கட்டங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன, பார்க்கக் கூடாதா? நீங்களே மனுவில் எல்லாப் பெயரையும் "என்கிற" போட்டு எழுதுங்கள். தகப்பனார் அல்லது கணவர் பெயர், அப்போதைய வயது, இறந்த ஆஸ்பத்திரி, எரித்த அல்லது புதைத்த இடம், எல்லாம் எழுதுங்கள். ஒன்று தப்பினால் ஒன்று மாட்டும்.

"நீங்க அவருக்கு யாரு? மகன் வரணும்" என்று விரட்டுவார்கள். சட்டத்தின் 17-வது பிரிவு யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டித் தேடச் சொல்லலாம், இறப்புப் பதிவின் சான்றிட்ட நகல் வாங்கலாம் என்கிறது. தரக் கூடாதது சாவுக்கான காரணம் மட்டும்தான். மருமகள் வந்து நின்றால் ஏன் மறிக்க வேண்டும்?

"ஆன்லைன்ல வந்துருச்சே" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அண்மைய சாவுகளுக்கு அது நல்ல வசதி, மறுக்கவில்லை. சென்னை மாநகராட்சி தன் தளத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ள விடுகிறது. ஆனால் கிராமத்து 1994 ரெஜிஸ்டரைக் கணினியில் ஏற்றாமல், இ-சேவை மையத்துக்குப் போ என்றால் அந்தப் பையன் என்ன செய்வான்? "நோ ரெக்கார்ட்ஸ்" என்று திரையைத் திருப்பிக் காட்டுவான், பாவம்.

என் கொதிப்பெல்லாம் இதற்குப் பிறகு நடப்பதில்தான். வாயால் இல்லை, இல்லை என்று கேட்டுக் களைத்துப் போனவர்களை ஒரு புரோக்கர் பிடிப்பார். "பழைய சாவைப் புதுசாப் பதிஞ்சிரலாம்." ஒரு வருஷம் தாண்டிய சாவைப் பதியக் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். பிரமாண வாக்குமூலம், சாட்சி, வி.ஏ.ஓ. அறிக்கை, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் விசாரணை என்று கோப்பு மேலே ஏறி இறங்க வேண்டும். அவ்வளவும் பட்டு ஒரு சான்று வாங்கிய பிறகு, பழைய பதிவு நகராட்சியில் பத்திரமாக இருப்பது தெரியவந்தால்? ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு, இரண்டு தேதி. சொத்தில் தகராறு உள்ள பங்காளி ஒருவர் இருந்தால் போதும், கேஸ் கோர்ட்டுக்குப் போய்விடும்.

இதற்காகத்தான் "பதிவு இல்லை" என்ற சான்று, படிவம் 10, இருக்கிறது. தேடிப் பார்த்தோம், இந்தக் காலத்துக்கு இந்தப் பெயரில் பதிவு இல்லை என்று கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துத் தர வேண்டும். அதைக் கேட்டுப் பாருங்கள், ஆபீஸின் குரலே மாறிவிடும். கையெழுத்துப் போட வேண்டும் என்றதும் இன்னொரு தடவை புரட்டுவார்கள், பல நேரம் பதிவு அங்கேயே கிடைத்துவிடும்! அப்படியென்றால் முதல் தடவை என்னத்தைப் பார்த்தீர்கள்?

மனுவை வெறுங்கையாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள். இரண்டு நகல், ஒன்றில் தேதியோடு சீல், கட்டிய பணத்துக்கு ரசீது. ரெஜிஸ்டர் எந்த ஆபீஸில் இருக்கிறது என்றே சொல்ல மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, "இன்ன கிராமத்தின் இன்ன ஆண்டு இறப்புப் பதிவேடு இப்போது யார் பொறுப்பில் உள்ளது" என்று இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். கரையான் தின்றிருந்தால் அதையும் எழுதித் தரட்டும்.

கிடைத்த சான்றில் பெயர் தப்பாக இருந்தால் புதுப் பதிவுக்கு ஓடாதீர்கள். பிறப்பு, இறப்பு பதிவுச் சட்டத்தின் 15-வது பிரிவில் திருத்தலாம். பழைய எழுத்தை அழிக்காமல் ஓரத்தில் குறிப்பெழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். எழுத்துப் பிழையைத் தாண்டிய திருத்தம் என்றால், விவரம் தெரிந்த இரண்டு பேர் உறுதிமொழி தர வேண்டும். அந்த இரண்டு பேர் உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுங்கள். 1994 சாவுக்குச் சாட்சி சொல்லக்கூடியவர்களுக்கும் வயதாகிக்கொண்டேதான் போகிறது.

இன்னொன்று. காலை ஒன்பதரையிலிருந்து கிழவிகளும் கைக்குழந்தைக்காரிகளும் வந்து உட்காரும் தாலுகா ஆபீஸில் பெண்கள் கழிப்பறை எப்போது பார்த்தாலும் பூட்டியே கிடக்கிறதே, அதன் சாவி யார் கையில் இருக்கிறது? அதற்கும் ஒரு மனு எழுத வேண்டுமா?