காவலுக்கு வந்த மகராசன்களே, எங்கே போனீர்கள்?

சனிக்கிழமை ராத்திரி நாம் கம்ப்யூட்டரில் ஆடிய விமானச் சண்டை மிஷன் பற்றி நம் குழுவில் ஒருவர் தொகுப்பு போட்டிருக்கிறார். ஒன்றரை நிமிட வீடியோ. பின்னணியில் குத்துப்பாட்டு. தீப்பிடித்து விழும் 109கள், அதாவது ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் சண்டை விமானங்கள், அதுவும் ஸ்லோ மோஷனில். கடைசியில் "ஏழு கில், செம நைட் மச்சி" என்று எழுத்து வேறு. சந்தோஷம். ஆனால் அன்றைக்கு நம் பக்கம் ஆறு பெ-2 சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின, ஒன்றுகூடத் திரும்பவில்லை. அந்த விஷயம் வீடியோவில் எங்கேயாவது இருக்கிறதா? தேடிவிட்டேன், இல்லை. அந்த ஆறில் ஒன்றில் உட்கார்ந்திருந்தவன் நான். அதனால் மிச்சத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

விளையாட்டு ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ், இரண்டாம் உலகப் போர், தெற்கு ரஷ்யாவின் குபான் வரைபடம், 1943 மே மாதம். கிராஸ்னதார் பக்கமிருந்து கிளம்பி, அனாப்பா விமானதளத்தில் நிற்கும் ஜெர்மன் விமானங்கள் மேல் குண்டு போட வேண்டும். காவலுக்கு ஐராகோப்ரா, யாக் சண்டை விமானங்களில் எட்டு பேர். மிஷனைக் கட்டிய அண்ணன் வாரம் பூராவும் ஆபீஸ் முடிந்து, பெங்களூரு சில்க் போர்டு டிராஃபிக்கில் ஊர்ந்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்ட கையோடு இதற்காக உட்கார்ந்தவர். யார் எந்த உயரம், யார் யாருக்குத் துணை என்று படம் போட்டே அனுப்பினார். யாராவது திறந்து பார்த்தீர்களா?

அவர் போட்டது அவர் சொந்தக் கற்பனை இல்லை. 1943 ஏப்ரலில் இருந்து ஜூன் வரை குபான் வானத்தில் நடந்த சண்டைகளில்தான் சோவியத் விமானி அலெக்சாண்டர் போக்ரிஷ்கின் பெயர் வாங்கினார். ஓட்டியதும் இதே ஐராகோப்ராதான். ஜெர்மன்காரன் மேலேயிருந்து பாய்ந்து அடித்துவிட்டு மறுபடி மேலே ஏறிவிடுவான் என்பதால், காவல் விமானங்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் படிபோல அடுக்கிப் பறந்தார்கள். கீழடுக்கு குண்டுவீச்சு விமானங்களை ஒட்டியே இருக்கும். மேலடுக்கு தன் உயரத்தை லேசில் விடாது. உயரம், வேகம், திருப்பம், சுடுதல் என்பதுதான் அவர் சூத்திரம், அந்த வரிசையில். நம் ஆட்கள் கடைசி வார்த்தையை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

நம் மிஷனுக்கு வருவோம். வழியில் க்ரிம்ஸ்காயா ஊரைத் தாண்டியதும், கீழே மரத்தை உரசுகிற உயரத்தில் ஒரே ஒரு 109. தனியாக, நேர்கோட்டில், அவசரமே இல்லாமல் போகிறது. மல்டிபிளேயரில் நாலு நாள் அடி வாங்கியவனுக்குக்கூட அது தூண்டில் என்று தெரியும்.

"தம்பிகளா, கூடவே நில்லுங்க. கீழே யாரும் போகாதீங்க." அண்ணன் மைக்கில் இதைச் சொல்லி முடிக்கவில்லை.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணுதாண்ணா! ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்!"

கீழடுக்கு போனது. அதற்கு உதவி என்று நடுவடுக்கு போனது. மேலடுக்கில் இருந்த இரண்டு பேரும், பந்தியில் இலை தீர்ந்துவிடும் என்று பயந்த கல்யாண வீட்டு ஆட்கள் மாதிரி, மூக்கைக் கீழே சாய்த்துப் பாய்ந்தார்கள். ஒரு 109க்கு எட்டு பேர்! இவர்களில் பாதிப் பேர் ஐராகோப்ராதான் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியவர்கள். மூக்கில் 37 மில்லிமீட்டர் பீரங்கி இருக்கிறதாம், ஒரு குண்டு பட்டாலே போதுமாம். அதில் இருப்பதே 30 குண்டு. அதையும் குபான் வயல்களுக்கு உரமாகப் போட்டுவிட்டு வந்தார்கள்.

பெ-2 ஓட்டாதவர்களுக்குச் சொல்கிறேன். உயரத்திலிருந்து குண்டு போட வேண்டுமானால் உயரம், வேகம், காற்று எல்லாவற்றையும் சைட்டில், அதாவது குறிபார்க்கும் கருவியில், சரிசெய்துவிட்டு, அப்புறம் இப்படி அப்படித் திரும்பாமல் நேராகவே போக வேண்டும். கொஞ்சம் ஆடினாலும் குண்டு ஓடுபாதையை விட்டுவிட்டுத் திராட்சைத் தோட்டத்தில் விழும். சைட்டில் கண்ணை வைத்தவனுக்குப் பின்னால் யார் வருகிறான் என்று தெரியாது. பின்னால் துப்பாக்கியோடு இருக்கும் கன்னர் சுடுகிற சத்தம் கேட்கும், அவ்வளவுதான். அந்த 12.7 மில்லிமீட்டர் துப்பாக்கிகள் ஒருத்தனைக் கொஞ்ச நேரம் தள்ளி நிறுத்தும். ஆனால் சூரியனுக்குள்ளிருந்து பாய்ந்து வந்தது நான்கு 109கள். முதல் சுற்றிலேயே தலைமை விமானத்தின் இடது இறக்கை பிய்ந்தது. அடுத்து இரண்டு. "காவல் எங்கே? எங்கே இருக்கீங்க?" என்று கத்துகிறோம். வந்த பதில்: "அண்ணா, ஃபைட்ல இருக்கேன், சேனல்ல பேசாதீங்க."

சேனலில் பேசக் கூடாதாம்!

இருந்தாலும் மூன்று விமானங்கள் அனாப்பாவுக்கு மேல் போய்ச் சேர்ந்தன. குண்டு போட்டோம். நின்றிருந்த விமானங்கள் எரிந்தன. அந்த மிஷனின் வேலையே அதுதான், அதைச் செய்தவர்கள் நாங்கள். திரும்புகிற வழியில் என் வலது எஞ்சின் தீப்பிடித்தது, மற்ற இரண்டும் அதற்கு முன்பே போய்விட்டன. வீடியோவில் வரும் ஏழு கில்லும் இதற்கப்புறம் நடந்தவை. காப்பாற்ற யாருமே மிச்சமில்லாத வானத்தில் ஏழு கில்!

அதற்கப்புறம் டிஸ்கார்ட் அரட்டையில் ஒரு மகான் கேட்கிறார்: "நீங்க ஏன் வளைஞ்சு நெளிஞ்சு தப்பிக்கலை?" இவர் பெங்களூரு எச்ஏஎல் விமானத் தொழிற்சாலை மதிலை ஒட்டிக் குடியிருப்பவர். தலைக்கு மேலே தேஜஸ் போகிறதாம், போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுது பார்த்த இடமாம், அதனால் விமானம் தன் ரத்தத்திலேயே இருக்கிறதாம். ஐயா, ரத்தத்தில் இருப்பது இருக்கட்டும். மேலடுக்கில் இருந்திருக்கலாமே?

எனக்கு வயிற்றெரிச்சல் இன்னொன்றும் உண்டு. எங்கள் ஏரியாவில் கரண்ட் போனால் அபார்ட்மென்ட் ஜெனரேட்டர் ஏறுவதற்குள் ரவுட்டர் அணைந்துவிடும். நடுவானில் காணாமல் போகிறவன் என்று பெயர் வரக் கூடாதே என்று எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போய், பேரம் பேசி, ரவுட்டருக்கென்றே தனியாக யூபிஎஸ் வாங்கி வைத்தேன். கரண்ட் போனாலும் வரிசை கலையாமல் பறக்கத்தான் இந்தச் செலவு. கரண்டும் இருந்து, நெட்டும் இருந்து, கூடவே இருங்கள் என்று சொல்லியும் ஓடிப்போகிறவர்களை எந்தக் கடையில் போய்ச் சரிசெய்வது?

அடுத்த சனிக்கிழமையும் குபான்தான், அண்ணன் சொல்லிவிட்டார். நான் அவரிடம் பேசியாகிவிட்டது. வீடியோவில் பெயர் வந்தவர்கள் எல்லோரும் பெ-2 எடுக்கிறீர்கள். நான் மேலடுக்கில் ஐராகோப்ராவில் வருகிறேன். கீழே தனியாக ஒரு 109 போனால் எனக்குக் கட்டாயம் சொல்லுங்கள், ரெண்டே நிமிஷத்தில் வந்துவிடுகிறேன்.