இழுக்கச் சொல்லாதீர்கள், விடச் சொல்லுங்கள்

நேற்றிலிருந்து எல்லார் டைம்லைனிலும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த வீடியோவை நானும் பார்த்தேன். மீட்டிங் அறை வாசலில் கை நடுங்க நிற்கிற பெண்ணிடம் பக்கத்தில் இருப்பவர், "நல்லா மூச்ச இழும்மா, இன்னும் இழு, இன்னும் இழு" என்கிறார். அரை நிமிடத்தில் அவருக்குத் தலை சுற்றுகிறது, சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிடுகிறார். கீழே நானூறு கருத்துகள். பாதிப்பேர் சொல்வது, "இந்தத் தலைமுறைக்குத் தாங்குற சக்தியே இல்ல."

அவருக்குத் தலை சுற்றியது தாங்கும் சக்தி இல்லாததால் அல்ல. அந்த அறிவுரையால்.

பதற்றத்தில் இருப்பவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருப்பார். அவரை இன்னும் இழுக்கச் சொன்னால் ரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு மேலும் குறையும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகும், நெஞ்சு இறுகும். "ஐயோ, எனக்கு என்னமோ ஆகுது" என்று மனசு இன்னும் பயப்படும், மூச்சு இன்னும் வேகமாகும். உதவுகிறோம் என்று நினைத்து அந்தச் சுழலுக்குள் ஆளைத் தள்ளிவிடுகிறோம்.

செய்ய வேண்டியது மூச்சை விடுவது. ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். முதலில் உள்ளே இருப்பதை மெதுவாக வெளியே விடுங்கள். பிறகு நான்கு எண்ணும்வரை மூக்கு வழியாக, வழக்கமான அளவுக்கே இழுங்கள். நெஞ்சு நிரம்ப வேண்டாம். உதட்டைக் குவித்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஒரு சுற்றுக்கு 10 வினாடி, நிமிடத்துக்கு 6 மூச்சு, 5 நிமிடம் போதும். மூச்சு வெளியேறும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போய் அதை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயத்துடிப்பு குறைகிறது, அதனால்தான் விடுகிற நேரம் நீளமாக இருக்க வேண்டும். தோள் மேலே ஏறினால் நெஞ்சால் இழுக்கிறீர்கள் என்று அர்த்தம், வயிற்றில் இருக்கிற கைதான் அசைய வேண்டும். ஆறு வரை முடியவில்லையா, மூன்று இழுத்து நான்கு விடுங்கள். சிலருக்கு மூச்சை அடக்கிப்பிடித்தாலே பயம் கூடும், அவர்கள் அடக்க வேண்டாம். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது முதன்முதலாக முயன்றால் வராது. அமைதியாக இருக்கிற நாளில் தினம் இரண்டு வேளை பழகினால்தான் தேவைப்படும்போது கைகொடுக்கும்.

"மூச்சுப் பயிற்சி செஞ்சா வேலை குறைஞ்சிடுமா?" என்று கேட்பீர்கள். குறையாது. அந்தக் கேள்வி முழுக்க நியாயம். வேலையால் வரும் அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979இலேயே சொன்னார்: வேலையின் சுமை அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாக இருந்தால்தான் மன அழுத்தம் மிக மோசமாகும். சுமை மட்டும் காரணமில்லை, கையில் பிடி இல்லாததும் காரணம். ஆனால் பிடி கிடைக்கிற வரைக்கும் அந்த உடம்போடுதானே வேலைக்குப் போக வேண்டும்?

"பயமா இருந்தா வேலைய விட்டுட்டுப் போ" என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. மாதக் கடைசியை நம்பி வீடு நடத்துகிறவர்களிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

பகலைவிட ராத்திரிதான் பலருக்குக் கொடுமை. படுத்ததும் முடிக்காத வேலை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 57 பேரைத் தூங்குவதற்கு முன் 5 நிமிடம் எழுதச் சொன்னார்கள். இனி செய்ய வேண்டியதை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். "ரிப்போர்ட்" என்று ஒற்றைச் சொல்லை எழுதினால் மனசு அதை விடாது. "காலை 9.30, மூன்றாவது அட்டவணையில் விடுபட்ட எண்ணைக் கணக்குப் பிரிவில் கேட்க வேண்டும்" என்று எழுதினால் விடும். நேரமும் முதல் அடியும் காகிதத்துக்குப் போக வேண்டும்.

கவலைக்கும் ஒரு நேரம் ஒதுக்கலாம். உளவியலாளர் தாமஸ் போர்க்கோவெக்கும் உடனிருந்தவர்களும் 1983இல் சோதித்த முறை இது: தினம் ஒரே இடம், ஒரே நேரம், 30 நிமிடம். நடுவில் வரும் கவலையை ஒரு வரி குறித்துவைத்து அந்த நேரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். படுக்கையில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், படுக்கையே கவலைக்கான இடமாகப் பழகிவிடும்.

சரி, இவ்வளவும் அந்தப் பெண் செய்தார் என்றே வையுங்கள். பட்டியல் எழுதினார், மூச்சைப் பழகினார், படுத்தார். ராத்திரி 10.40க்கு மேனேஜரிடமிருந்து ஒரு மெசேஜ்: "நாளைக்கு உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்." அவ்வளவுதான். எதைப் பற்றி என்று இல்லை. காலை வரைக்கும் அவருக்குத் தூக்கம் இருக்குமா? அதில் "விடுப்புப் பட்டியல் பற்றி, பயப்பட ஒன்றுமில்லை" என்று நாலு சொல் சேர்க்க எத்தனை வினாடி ஆகும்? காலையில் அனுப்பினால் என்ன குறைந்துபோகும்? பிரான்ஸில் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை 2017 ஜனவரி 1 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. நம்மிடம் அதைக் கேட்டாலே "அர்ப்பணிப்பு இல்லை" என்று பெயர் வந்துவிடுகிறது.

"மேனேஜருக்கும் மேலே அழுத்தம் இருக்கு" என்பீர்கள். இருக்கிறது, தெரியும். அந்த நாலு சொல்லைச் சேர்க்க அது தடையில்லை.

ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. நெஞ்சுவலி முதன்முறையாக வந்தால், "பதற்றம்தான்" என்று நீங்களே முடிவுகட்டாமல் மருத்துவமனைக்குப் போங்கள். அதேபோல, வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, வேலைக்குக் கிளம்பவே முடியவில்லை என்றால் மூச்சுப் பயிற்சியோடு நிற்க வேண்டாம், மனநல மருத்துவரைப் பாருங்கள். பதற்றம் எவ்வளவு என்று அளக்கும் ஜிஏடி-7 என்கிற ஏழு கேள்வித் தாள் 2006 முதல் புழக்கத்தில் இருக்கிறது. மொத்தம் 21 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கட்டாயம் ஒருவரிடம் காட்ட வேண்டும்.

வீடியோவைப் பகிர்ந்தவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. முகத்தைக்கூட மறைக்காமல் போட்டிருக்கிறீர்கள். தாங்கும் சக்தி இல்லை என்று நானூறு பேர் எழுதியதை அவர் படித்திருப்பார். திங்கட்கிழமை காலை அதே வாசல் வழியாகத்தான் அவர் மறுபடியும் உள்ளே போக வேண்டும். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.