புது குடியிருப்பு வருதுன்னா ட்ராஃபிக் ரிப்போர்ட்ல எதைப் பாக்கணும்

பெருசா ஒரு குடியிருப்பு ப்ராஜெக்ட் வருதுன்னா அனுமதிக்கு முன்னாடி ட்ராஃபிக் ஸ்டடி ஒண்ணு பண்ணி குடுப்பாங்க. கட்டு கட்டா இருக்கும், முக்காவாசி டேபிள்தான், கடைசியில "குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை"ன்னு ஒரு வரி, எல்லாரும் நேரா அந்த வரிக்கு போயிடுறாங்க. இந்த மாதிரி ரிப்போர்ட்டை முழுசா உக்காந்து படிக்கிற ஆளு நான். கணக்கு பெரும்பாலும் சரியாத்தான் போட்டிருப்பாங்க. ஆனா எதை அளக்குறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு கோவம் வருது.

முதல்ல எத்தனை வண்டி வரும்னு ஒரு கணக்கு. அமெரிக்காவுல இன்ஸ்டிட்யூட் ஆஃப் ட்ரான்ஸ்போர்ட்டேஷன் இன்ஜினியர்ஸ்னு ஒரு அமைப்பு, அவங்க கையேட்டுல ஒரு தனி வீட்டுக்கு நாளைக்கு சுமாரா 9 ட்ரிப்னு இருக்கும், போறது ஒண்ணு வர்றது ஒண்ணுன்னு தனித்தனியா எண்ணி. அதுல கிட்டத்தட்ட ஒண்ணு சாயங்கால பீக் ஹவர்ல விழும். அப்போ 300 தனி வீடுன்னா நாளைக்கு 2,700-க்கு மேல, பீக் ஹவர்ல மட்டும் 280 பக்கம். சரி. ஆனா அந்த கையேட்டுக்கான டேட்டா ரொம்ப காலமா பெரும்பாலும் புறநகர்ல எடுத்தது, பஸ் கிடையாது, நடந்து போக எதுவும் கிடையாது, எங்க போனாலும் கார்தான். அதே நம்பரை வாசல்லயே பஸ் ஸ்டாப் இருக்குற இடத்துக்கு போட்டா கணக்கு எகிறும். இன்னொரு பக்கம், "பஸ் இருக்கு, அதனால இத்தனை சதவீதம் குறைச்சுக்கலாம்"னு கழிப்பாங்க, அந்த பஸ் எவ்வளவு நேரத்துக்கு ஒண்ணு வருது, பீக் ஹவர்ல ஏற இடம் இருக்கான்னு பாக்காமலே. அந்தக் கழிவு எவ்வளவு, எதை வச்சு கழிச்சாங்கன்னு தேடிப் பாருங்க, அந்த ஒரு நம்பர் மாறினா ரிப்போர்ட் முடிவே மாறும்.

அடுத்து ஜங்ஷனுக்கு மார்க் போடுறது. லெவல் ஆஃப் சர்வீஸ்னு பேரு, 1965-ல அமெரிக்க ஹைவே கெபாசிட்டி மேனுவல்ல வந்தது, ஏ-ல இருந்து எஃப் வரைக்கும். சிக்னல்ல ஒரு வண்டி சராசரியா 10 செகண்டுக்குள்ள போயிட்டா ஏ, 80 செகண்டுக்கு மேல நின்னா எஃப். இதுல அளக்குறது வண்டியில உக்காந்திருக்கறவரோட காத்திருப்பை. அந்த மார்க் மோசமா வந்தா உடனே பரிகாரம்னு என்ன எழுதுவாங்க, ரோட்டை அகலப்படுத்து, இன்னொரு லேன் போடு.

லேன் போட்டா என்னாகுதுன்னு கிட்ட போய் பாப்போம். ஒரு லேன் மூன்றரை மீட்டர்னு வச்சா 4 லேன் ரோடு 14 மீட்டர், அதை 6 லேன் ஆக்கினா 21 மீட்டர். வயசான ஒருத்தர் செகண்டுக்கு 0.8 மீட்டர் நடக்குறார்னா முன்னாடி 18 செகண்டுக்குள்ள தாண்டினவருக்கு இப்போ 26 செகண்ட் ஆகும். பல சிக்னல்ல நடக்குறவங்களுக்கான நேரத்தை செகண்டுக்கு 1 மீட்டருக்கு மேலன்னு வச்சுத்தான் கணக்கு பண்றாங்க, அவர் நடு ரோட்டுல இருக்கும்போதே நேரம் முடிஞ்சிடும். காருக்கு மார்க் எஃப்-ல இருந்து டி-க்கு ஏறியிருக்கும், அதே ஜங்ஷன் நடக்குறவருக்கு இன்னும் ஆபத்தாயிருக்கும், அந்த ரெண்டாவது விஷயத்துக்கு பல ரிப்போர்ட்ல ஒரு பத்தி கூட கிடையாது!

கலிஃபோர்னியாவுல இதை மாத்தினாங்க. 2013-ல எஸ்பி 743-ன்னு ஒரு சட்டம் கொண்டுவந்து, 2020 ஜூலையில இருந்து சுற்றுச்சூழல் ஆய்வுல வண்டி தாமதத்தை பாதிப்பா எடுக்கக்கூடாது, இந்த ப்ராஜெக்டால வண்டிங்க மொத்தமா எவ்வளவு தூரம் கூடுதலா ஓடும்னு பாருன்னு ஆக்கிட்டாங்க. எனக்கு இது சரியான திசைன்னு தோணுது. ஸ்கூல், ஆஸ்பத்திரி, வேலை எல்லாம் பக்கத்துல இருக்குற இடத்துல 300 வீடு கட்டுறதும், எல்லாத்துக்கும் 15 கிலோமீட்டர் போகணும்ங்கிற இடத்துல 300 வீடு கட்டுறதும் பழைய கணக்குல கிட்டத்தட்ட ஒண்ணுதான், இன்னும் சொல்லப்போனா ஊருக்கு வெளிய காலி ரோட்டுல கட்டுறவருக்குத்தான் நல்ல மார்க் கிடைக்கும். தூரத்தை அளந்தா அது தலைகீழாகுது. அதுக்காக வாசல்ல நிக்கிற நெரிசல் பொய்னு நான் சொல்லல, ஆம்புலன்ஸ் மாட்டிக்கிற ரோட்டை யாரும் ஒதுக்கிட முடியாது, அதையும் பாக்கணும்.

"வெறும் 3 சதவீதம்தான் கூடும்"னு எழுதியிருந்தா மட்டும் உஷாரா இருங்க. ரோடு பாதி காலியா இருக்கும்போது 3 சதவீதம் ஒண்ணுமே இல்ல, ஏற்கனவே 95 சதவீதம் நிரம்பின ஜங்ஷன்ல அதே 3 சதவீதம் வரிசையை அடுத்த ஜங்ஷன் வரைக்கும் இழுத்துடும், ஏன்னா கொள்ளளவை நெருங்க நெருங்க தாமதம் நேர்கோட்டுல ஏறாது, மடமடன்னு ஏறும். போதாக்குறைக்கு பக்கத்துல இன்னும் நாலு ப்ராஜெக்ட், ஒவ்வொண்ணும் தனித்தனியா 3 சதவீதம். இங்கிலாந்தோட தேசிய திட்டக் கொள்கையில 2012-லயே மத்த ப்ராஜெக்டுகளையும் சேர்த்து வர்ற மொத்த பாதிப்பைத்தான் பாக்கணும்னு இருக்கு, ஆனா ரோட்டு நெரிசலை காரணம் காட்டி மறுக்கணும்னா அது கடுமையா இருந்தாத்தான் முடியும்னு வச்சிருக்காங்க, கடுமைன்னா எவ்வளவுன்னு நம்பர் கிடையாது, அதனால சண்டை தீர்றதும் இல்ல.

எனக்கு தாங்கவே முடியாத விஷயம், ஆளுங்க குடி வந்தப்புறம் பல இடத்துல யாரும் திரும்பப் போய் எண்ணுறதில்ல. 280 வண்டின்னு சொன்னாங்களே, 200 வந்துதா 400 வந்துதா? ஸ்டடிக்கு காசு குடுக்குறது பெரும்பாலும் கட்டுறவங்கதான், அதுல அவங்களுக்கு சாதகமான அனுமானம் நுழைஞ்சிருந்தா கண்டுபிடிக்க வழியே இல்லாம போயிடுது. கருத்துக்கேட்புக்கு போறவங்க "வேணாம்"னு கத்துறதை விட இதை நிபந்தனையா கேளுங்க: முக்காவாசி வீடு நிரம்பினதும் அதே ஜங்ஷன்ல, அதே மாதிரி ஒரு வேலை நாள்ல, அதே நேரத்துல திரும்ப எண்ணணும், நடக்குறவங்க சைக்கிள்ல போறவங்களையும் சேர்த்து, சொன்னதை விட அதிகமா வந்தா பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் கட்டினவங்க காசு குடுக்கணும், அந்த தொகையை அனுமதி குடுக்கும்போதே டெபாசிட்டா வாங்கி வச்சிடணும்.