கண்ணாடியில் எழுதும் அவஸ்தை

டேப்லெட்டில் கையால் குறிப்பெடுப்பது சுலபம் என்பவர்கள், வேகமாக நடக்கும் ஒரு வகுப்பில் உட்கார்ந்து ஒரு பக்கமாவது தமிழில் எழுதிப் பார்த்திருக்கிறார்களா? வழவழப்பான கண்ணாடியில் டேப்லெட் பேனாவின் முனை பிடிமானமின்றி வழுக்குவதால், 'ழ'வின் கீழ்ச்சுழி அடுத்த வரியில் போய் விழுகிறது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்தாலோ, பல நேரம் அந்த நொடிநேரத் தொடுகை திரையில் பதிவதே இல்லை. ஓலை கிழிந்துவிடும் என்று சுவடி எழுதியவர்கள் புள்ளி வைக்காமல் விட்டார்கள். இந்தக் கண்ணாடிக்கு என்ன கேடு? உள்ளங்கை சற்று அழுந்தினால் பக்கம் நகர்கிறது, இல்லையென்றால் எழுதியதன் குறுக்கே ஒரு கோடு விழுகிறது. இத்தனையையும் பொறுத்துக்கொண்டு எழுதினால், கரும்பலகையில் முக்கியமான சூத்திரம் வரும் நேரம் பார்த்துப் பேனாவில் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. பத்து ரூபாய்ப் பந்துமுனைப் பேனாவுக்கு யாராவது சார்ஜ் போட்டதுண்டா?