நாய்க்குப் பேர் வைக்கும் முன் பால்கனியில் நின்று ஒருமுறை கத்திப் பாருங்கள்

புதுக் குட்டி வந்ததும் வீட்டு வாட்ஸாப் குரூப்பில் பேர்கள் குவியும். யாழினி, மகிழன், இளமாறன். அழகுதான். ஆனால் பெங்களூரில் அந்தப் பேரைக் கூப்பிடப்போவது நீங்கள் மட்டுமா? வாக்கிங் கூட்டிப்போகும் பையன் கன்னடம், செக்யூரிட்டி இந்தி, பிள்ளைகள் இங்கிலீஷ். ஆளுக்கொரு விதமாக ‘யாளினி’, ‘யாலினி’ என்றால் குட்டிக்குத் தன் பேர் பிடிபடவே நாளாகும்.

என்னைக் கேட்டால், ஜிம்மி, டாமி, மணி என்று வைத்த அந்தக் காலத்து ஆட்கள் விவரமானவர்கள். இரண்டே அசை, கடைசியில் இழுத்துக் கூப்பிட ஒரு உயிரோசை. தெருக்கோடி வரை கேட்கும். (மணி மட்டும் வேண்டாம். தமிழர்கள் நிறைந்த அல்சூர் பக்கம் அப்படிக் கத்தினால் நாலு அண்ணன்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.) சாமி பேர், நடிகர் பேர் வைத்து வம்பை விலைக்கு வாங்காதீர்கள்.

கட்டளையோடு இடிக்கிறதா என்று வீட்டில் புழங்கும் எல்லா மொழியிலும் பாருங்கள். வாலி ‘வா’வோடு இடிக்கும், நோவா ‘நோ’வோடு, ஸ்டெல்லா ‘ஸ்டே’யோடு, பாபு கன்னட ‘பா’வோடு (‘வா’ என்று அர்த்தம்). ஏற்கெனவே ரோஸி இருந்தால் ரோமி வேண்டாம்.

பழக்குவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். உப்புப் போடாமல் வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவுக்குக் கிள்ளி வையுங்கள். சத்தமில்லாத அறையில் பேரை ஒரே ஒருமுறை சொல்லுங்கள். முகம் திரும்பிய நொடியில் ‘குட்’ என்று சொல்லி ஒரு துண்டு. இப்படிப் பத்து தடவை போதும், ஒரு நாளைக்கு மூன்று வேளை. தவறாமல் திரும்பினால் காரிடார், அப்புறம் தெரு. ‘ப்ரூனோ ப்ரூனோ ப்ரூனோ’ என்று அடுக்கினால், மூன்றாவது தடவை திரும்பினால் போதும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். திட்டவும், நகம் வெட்டவும், மாத்திரை கொடுக்கவும் பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். நீங்களே எழுந்து போய்த் தூக்கிக்கொள்ளுங்கள்.

தத்தெடுத்த பெரிய நாய் பழைய பேருக்கு வாலாட்டினால் அதையே வைத்துக்கொள்ளலாம். பதுங்கினால் மாற்றிவிடுங்கள். சாதுவாகவே இருந்தும் உங்களுக்குப் பேர் பிடிக்கவில்லையா? புதுப் பேர், உடனே பழைய பேர், உடனே தீனி. புதுப் பேருக்கே திரும்ப ஆரம்பித்ததும் பழையதை விட்டுவிடுங்கள். தடுப்பூசி அட்டை, லைசென்ஸ், மைக்ரோசிப் பதிவு மூன்றிலும் ஒரே பேர் இருக்கட்டும். கென்னல் கிளப் (நாயின் வம்சத்தைப் பதிவு செய்யும் சங்கம்) சான்றிதழில் இருக்கும் நீளமான பேரை வீட்டில் கூப்பிட வேண்டிய கட்டாயமில்லை.

இத்தனைக்கும் திரும்பவில்லையா? காதையும் சோதியுங்கள். ராஜபாளையம், டால்மேஷியன் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. முதுகுப் பக்கம் தள்ளி நின்று, அது பார்க்காதபோது சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காதுகூட அசையாவிட்டால் டாக்டரிடம் காட்டிவிட்டு, பேருக்குப் பதில் கைச்சைகையில் பழக்குங்கள்.