க்ளிக் சத்தமும் இரண்டு விரலும்

ஜப்பானில், கியோட்டோவில் குடியிருந்துகொண்டு மனிதர்களைப் படம் எடுக்க ஆசைப்படுவது போல ஒரு தொல்லை வேறு இல்லை. இங்கே வாங்கிய செல்போனில் கேமரா சத்தத்தை நிறுத்தவே முடியாது, சைலண்டில் போட்டாலும் 'கஷா' என்று ஊரைக் கூட்டும். இதற்குச் சட்டம்கூட இல்லை, திருட்டுத்தனமாகப் படம் எடுக்கிற பொறுக்கிகளுக்குப் பயந்து கம்பெனிகள் தாங்களாகவே வைத்துக்கொண்ட வழக்கம். நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கமோ ஆற்றங்கரையில் நண்பர் உட்கார்ந்திருக்கிறார், சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறேன், எதையோ நினைத்து லேசாகச் சிரிக்கிற அந்த ஒரு நொடியில் 'கஷா'! உடனே முதுகு நிமிர்கிறது, முகம் பாஸ்போர்ட் போட்டோ ஆகிறது, போஸ் கொடுக்க 'V' மாதிரி இரண்டு விரல் தானாக மேலே வந்துவிடுகிறது.

சரி என்று ஆட்களைப் படம் எடுக்கத் தோதான 85 எம்.எம். லென்ஸோடு பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு, கெய்ஷாக்கள் இருக்கிற பழைய பேட்டையான கியோன் பக்கம் போனால், தனியார் சந்துகளில் படம் எடுக்காதே, மீறினால் 10,000 யென் என்று போர்டு. மைகோ பெண்களை, அதாவது கெய்ஷா ஆகப் பயிற்சி எடுக்கிற பெண்களை, துரத்தித் துரத்திப் படம் எடுத்த சுற்றுலாக் கூட்டம் இழுத்துவிட்ட வினை, 2019-இல் வந்தது. அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், முறைப்பை வாங்குவது மாசாமாசம் இங்கே வாடகை கட்டுகிற நான்.

நேற்று எடுத்தது 60 படம். விரல் இல்லாதது இரண்டு. அதிலும் ஒன்றில் கண் மூடியிருக்கிறது.